மச்சாளின் வீட்டில் என் பாதி

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. மார்கழி மழை ஓய்ந்ததும் என் கணவர் தன் உறவுக்காரர் ஒருவருக்கு உதவியாக உடைந்த வரம்பு கட்டப் போனார். வயல் முழுக்கத் தண்ணீர். காலில் கம்பி கீறிய காயம் ஒன்று இருந்தது.

2. காய்ச்சல் வந்தது. வேலை அலுப்பு என்று சொல்லி இரண்டு பனடோல் போட்டுக்கொண்டார்.

3. கண்கள் சிவந்தன. கெண்டைக்கால் தசையைத் தொடவிடவில்லை. ஆசுபத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள்.

4. சிறுநீரகங்கள் நின்றுவிட்டன. செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள்.

5. அவர் இறந்தார்.

6. வந்தாறுமூலையில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து அவரைக் கொண்டுபோனார்கள்.

7. எட்டாம் நாளும் முப்பத்தோராம் நாளும் முடிந்தன.

8. அவருடைய மோட்டார் சைக்கிளை என் பேருக்கு மாற்றுவது எப்படி என்று கேட்க ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

9. சித்தாண்டியில் என் மச்சாளுக்காக, அதாவது என் கணவரின் தங்கைக்காக, அவர் கட்டிய வீட்டில் பாதி எனக்குச் சொந்தம் என்று அங்கே தெரிந்தது.

குளக்கட்டு, வாய்க்கால், மதகு இவற்றுக்கு மதிப்பீடு போடுவது என் உத்தியோகம். எந்த வேலையையும் உருப்படி உருப்படியாகப் பிரித்து, எது எதற்குப் பிறகு என்று வைத்தால்தான் எனக்கு அது பிடிபடும். அவர் போன பிறகும் அப்படித்தான் நாட்களைக் கடத்தினேன். மரணச் சான்றிதழ், அதன் பிரதிகள், வங்கி, சேமலாப நிதி, தொலைபேசி இணைப்பு. ஒவ்வொன்றும் முடிய அதன் மேல் ஒரு கோடு. வங்கியில் அவருடைய அட்டையை என் கண் முன்னாலேயே கத்தரியால் வெட்டிக் கூடைக்குள் போட்டார்கள். அந்த அட்டையின் இரகசிய இலக்கம் எங்கள் கல்யாண நாள். வெட்டிய பெண் நல்லவள். “சொறி அக்கா” என்று மன்னிப்புக் கேட்டாள். நான் “பரவாயில்ல” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வங்கிப் படியிலேயே இருந்துவிட்டேன். காவலாளி தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பகுதியில் கல்யாணம் கட்டினால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டுவது தகப்பனின் பொறுப்பு, தகப்பன் இல்லாத இடத்தில் அண்ணன்மாரின் பொறுப்பு. என் கணவரின் சின்ன வயதிலேயே என் மாமனார் இறந்துவிட்டார். ஆகவே தங்கைக்கு வீடு கட்டும் வேலை அவருக்கு வந்தது. அவர் வயரிங் வேலை செய்பவர். கட்டாரில் சில வருடம் உழைத்து, தன் அம்மாவான என் மாமியின் வளவுக்குப் பக்கத்து வளவை வாங்கினார். காணி உறுதி அவருடைய பேரில். அதில் யாரும் எந்தப் பிழையும் காணவில்லை. தங்கையின் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு நடக்கும் நாளில் உறுதி எழுதும் நொத்தாரிசு வருவார், வீடு அவள் பேருக்கு மாறும், பிறகு மாப்பிள்ளை கையொப்பம் வைப்பார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதற்கு முன்னால் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. கல்யாணம் வரைக்கும் அண்ணன் உயிரோடு இருப்பான் என்பதை ஒருவரும் ஒரு நிபந்தனையாக நினைப்பதில்லை.

தங்கைக்கு முதல் அவர் கல்யாணம் கட்டியது ஊரில் கொஞ்சம் பேச்சாகத்தான் இருந்தது. அதனாலோ என்னவோ, கட்டிய பிறகு அவர் இரண்டு மடங்கு வேலை செய்தார். வீட்டுப் படத்தை நான் கீறினேன். மூன்று அறை, குசினி, பின்பக்கம் ஒரு விறாந்தை. சனிக்கிழமைகளில் இருவரும் அங்கே போவோம். அவர் சுவரைத் துளைத்துக் குழாய் புதைப்பார், நான் மட்டம் பார்ப்பேன். மாமி தன் வளவிலிருந்து வேலிக்கு மேலால் தேத்தண்ணி நீட்டுவார். “புருசனும் பொஞ்சாதியும் சம்பளமில்லாத கூலியாக்கள்” என்று மச்சாள் சொல்லுவாள். “கொத்தனார் அம்மா, நேத்து வெச்ச சுவர் கோணலாம், காகம் வந்து சொல்லிட்டுப் போச்சி” என்பாள். நான் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டுவேன். கோணல் இருக்காது. அவர் சிரிப்பார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தச் சட்டத்தரணிக்கு முன்னால் இருந்தேன். என்னை விட இரண்டு மூன்று வயது கூடிய பெண். நகரத்தில் நீதிமன்றத்துக்குப் பின் வீதியில், வாவிக் காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு சின்ன அறை.

“அவருக்கு வேற என்ன இரிக்கி?” என்று கேட்டார்.

“கணக்கில கொஞ்சம் காசு. மோட்டார் சைக்கிள். வேலைச் சாமான்.”

“காணி பூமி?”

“இல்ல மிஸ்.”

“வயல், வளவு, பெர்மிட் காணி, ஒண்டுமில்லையா?”

“இல்ல. சித்தாண்டியில ஒரு வளவு அவர்ட பேர்ல கிடக்கு. ஆனா அது மச்சாள்ட வீடு.”

அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“மச்சாளுக்கு எழுதியாச்சா?”

“எழுத்து அண்டைக்குத்தானே எழுதுவாங்க. தை மாசம் வெச்சிருந்தது. இப்ப தள்ளிப் போட்டிருக்கு.”

“அப்ப அது மச்சாள்ட வீடு இல்ல, தங்கச்சி. உங்கட அவர்ட வீடு.” பேனாவை மூடினார். “யாழ்ப்பாணத்தாக்களுக்கு வேற சட்டம். நமக்குப் பொதுச் சட்டம். மரண சாதனம், அதான் உயில், எழுதாமப் போனா பொஞ்சாதிக்கு அரைவாசி. பிள்ளைகள்?”

“இல்ல.”

அவர் அடுத்த வசனத்தைச் சொல்லுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். “அப்ப மத்த அரைவாசி தாய்க்கும் தங்கச்சிக்கும்.”

யாருடைய வீட்டிலோ கையை வைத்து அகப்பட்டதுபோல என் முகம் சுட்டது.

“எனக்கு வேணாம் மிஸ். இப்பவே எழுதித் தாறன். எங்க கையெழுத்து வெக்கணும் எண்டு சொல்லுங்க.”

“இன்னும் உங்கட கைக்கு வராதத எப்பிடிக் குடுப்பீங்க?”

அன்று எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. ஒருவர் இறந்ததும் அவருடைய பொருள் உடனே உரியவர்களின் கைக்கு வருவதில்லை. இடையில் ஓர் ஆள் வேண்டும். நீதிமன்றம் அந்த ஆளை நியமிக்கும். இறந்தவருக்கு யார் யார் உரித்தாளிகள் என்று மனுப் போட வேண்டும். பத்திரிகையில் அறிவித்தல் வரும். ஆட்சேபணை உள்ளவர்கள் வந்து சொல்லலாம். பிறகுதான் பொறுப்பாளி என்று ஒரு கடிதம் கிடைக்கும். அந்தக் கடிதத்தோடு அவருடைய பொருளை எல்லாம் பட்டியல் எடுத்து, விலை மதித்து, கடன் இருந்தால் கட்டி, நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டி, அதன் பிறகு பங்குகளை எழுதிக் கொடுக்க வேண்டும். மச்சாளின் வீட்டை மச்சாளுக்குக் கொடுப்பதற்கு, முதலில் நான் அதன் பாதிக்கு உரிமைக்காரி என்று ஊரறியச் சொல்ல வேண்டும்.

“தாயும் தங்கச்சியும் நீங்க பொறுப்பெடுக்கிறதுக்குச் சம்மதம் எண்டு சத்தியக் கடதாசியில கையெழுத்து வெச்சுத் தந்தாங்க எண்டா கெதியா முடிக்கலாம்” என்றார். “குடும்பத்துக்க பிரச்சினை ஒண்டும் இல்லத்தானே?”

“இல்ல மிஸ். ஒரு பிரச்சினையும் இல்ல.”

அடுத்த சனிக்கிழமை சித்தாண்டிக்குப் போனேன். வேறு யாரும் சொல்லி மாமிக்குத் தெரிய வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாமி குசினியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மச்சாள் முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பிள்ளைகளுக்குக் காட்ட அட்டையில் மீன்கள் வெட்டிக்கொண்டு நிலத்தில் இருந்தாள். அவளிடம் ஒரு அட்டை வாங்கி, அதில் வட்டம் ஒன்று கீறி, பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மறுபடியும் இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். இது எனக்கு, இது உங்களுக்கு, இது மச்சாளுக்கு. இதெல்லாம் பேருக்குத்தான். கடைசியில் முழுவதும் மச்சாளுக்கே வரும்.

மாமி வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ரொட்டி பிய்ச்ச மாதிரி இரிக்கி” என்றார். கையிலிருந்த முருங்கைக் கொப்பை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் வெளிக்கிடும் வரைக்கும் திரும்பி வரவில்லை.

“கோவமா?” என்று மச்சாளிடம் கேட்டேன்.

“தெரியல்ல கா. அண்ணன் போனதுக்குப் பிறகு அம்மாட கோவமும் கவலையும் ஒரே மாதிரித்தான் இரிக்கி.”

நான் அதைக் கோபம் என்றே எடுத்தேன். என் பாதியைப் பற்றிய கோபம். ஆகவே அதற்குப் பிறகு போன ஒவ்வொரு முறையும் அதற்கே பதில் சொன்னேன். எனக்கு ஒரு பிடி மண் வேண்டாம் மாமி. எனக்கென்று அம்மா தந்த வீடு இருக்கிறது மாமி. வேண்டுமென்றால் கோயிலில் வைத்துச் சொல்கிறேன் மாமி. அவர் “ம்” என்பார். தேத்தண்ணி தருவார். கையொப்பம் வைப்பதைப் பற்றி எடுத்தால் கோழிக்குத் தீன் போட வேண்டும் என்பார்.

இதற்கிடையில், நேரம் மிச்சம் பிடிக்கவென்று சட்டத்தரணி முன்கூட்டியே ஒழுங்கு செய்த மதிப்பீட்டாளர் வந்தார். வீடு எவ்வளவு பெறுமதி என்று பார்க்க வேண்டும், அதுவும் என் கணவர் இறந்த அன்று வீடு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கு. என் உத்தியோகத்தில் நானும் இப்படி எத்தனையோ கட்டடங்களைச் சுற்றி நடந்திருக்கிறேன். அளவு நாடாவின் மறு நுனியை நான்தான் பிடித்தேன்.

“கூரை முடிஞ்சிது. நிலம் சீமெந்து. பூச்சு உள்ளுக்கு மட்டும். வயரிங்?” என்று அவர் கேட்டார்.

“குழாய் போட்டாச்சி. வயர் இழுக்கல்ல.”

“அப்ப அரைகுறை எண்டு போடுவம்.”

அரைகுறை என்று போட்டார். சரியான சொல்தான், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். சுவர்களில் என் கணவரின் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. சுவிச் வரும் இடங்களில் சின்னப் பெட்டி கீறி, எந்த அறை, எத்தனை என்று எழுதியிருந்தார். குசினிச் சுவரில் ஓர் அம்புக்குறி போட்டு “பிறிட்ஜ், அம்மா எட்டுற உயரம்” என்று இருந்தது. மதிப்பீட்டாளர் அதன் மேல் நாடாவை வைத்துச் சுவரின் உயரத்தை அளந்தார். நான் இலக்கத்தை உரக்க வாசித்துச் சொன்னேன். குரல் பிசகவில்லை. மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் வரவில்லை.

என் கணவரின் பொருட்களின் பட்டியலும் எழுதினேன். டிரில் இரண்டு, மீட்டர் ஒன்று, ஏணி, குறடுகள். அதற்குக் கீழே பழக்கத்தில் எழுதிக்கொண்டே போய், சேட்டு, சாரம், அவர் கோயிலுக்கு மட்டும் கட்டும் வேட்டி, இடது பக்கம் தேய்ந்த செருப்பு என்று எழுதிவிட்டேன். சட்டத்தரணி பார்த்துவிட்டு, “உடுப்பு, செருப்பு தேவையில்ல தங்கச்சி. விலை போற சாமான் மட்டும் போதும்” என்றார். அவற்றை வெட்டிவிட்டு மறுபடியும் தட்டச்சு செய்தேன். பட்டியல் அரைப் பக்கமாகச் சுருங்கியது.

ஆவணி மாதம், மச்சாளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவருடைய பெரியம்மா வந்தார். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார், மாமி வீட்டுக்கு அல்ல. வீடு யாருடைய கையில் இருக்கிறது என்று அவர் சரியாகத்தான் கணித்திருந்தார்.

“நாங்க அவசரப்படுத்தல்ல மகள். சாவு நடந்த துடக்கு வீடு எண்டு எங்களுக்குத் தெரியாதா? ஆனா நீயே சொல்லு, உறுதி இல்லாத வீட்டுக்கு எங்கட பொடியன எப்பிடி அனுப்புற? நாளைக்கி ஆரும் வந்து இது எங்கட எண்டு நிண்டா?”

“ஆரும் நிக்க மாட்டாங்க. பாதி என்ட, மத்தது அவங்கட. நான் குடுக்கத்தான் போறன்.”

“நீ குடுப்பாய். நான் நம்புறன். எங்கட ஆக்கள் கடதாசியத்தான் நம்புவாங்க.” தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். “இன்னொரு இடத்திலயும் பேசிக்கிட்டுத்தான் இரிக்காங்க. ஒளிச்சுச் சொல்லத் தெரியாது எனக்கு.”

அவர் போன பிறகு கணக்குப் பார்த்தேன். இப்போதே கையொப்பங்கள் கிடைத்து மனுப் போட்டால், அடுத்த கல்யாண முகூர்த்தக் காலத்துக்குள் ஓரளவு வேலை நகர்ந்திருக்கும். வழக்கு இலக்கத்தையாவது காட்டலாம். ஒவ்வொரு மாதமும் தள்ளிப் போனால் அந்த இன்னொரு இடம் நெருங்கும். மச்சாளுக்கும் மாப்பிள்ளைக்கும் தொலைபேசியில் பழக்கம். அவள் அவரைப் பற்றிப் பேசும்போது அட்டை மீன்களைக் கூடச் சிரிக்கும் மீன்களாக வெட்டுவாள். அந்தக் கல்யாணம் என் கணவர் தொடங்கி வைத்த வேலை. அது அரைகுறையாக நிற்கக் கூடாது.

அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு சத்தியக் கடதாசியோடு போனேன். அவருடைய மாதத் திதி வந்த நாள் அது. காலையில் எங்கள் வீட்டில் விளக்கேற்றிப் படைத்தோம். மாமியும் அன்று வேறு வேலைக்குப் போகமாட்டார், வீட்டில் இருப்பார், பேசலாம் என்பதுதான் என் கணிப்பு.

மச்சாள் முன்பள்ளிக்குப் போயிருந்தாள். வீடு அமைதியாக இருந்தது. நடு அறைக் கதவு சாத்தியிருந்தது. மாமி அதற்கு முன்னால் நிலத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். நான் “மாமி” என்றதும் விரலை வாயில் வைத்தார்.

“கொஞ்சம் பொறு புள்ள. அவன் சாப்பிடுறான்.”

படைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, இறந்தவர் யாருடைய கண்ணும் படாமல் சாப்பிட நேரம் விடுவது எல்லோரும் செய்வதுதான். எங்கள் வீட்டிலும் செய்தோம். ஆனால் அதை நாங்கள் ஒரு சடங்காகச் செய்தோம். சாம்பிராணி போட்டோம், கதவைச் சாத்தினோம், கொஞ்ச நேரத்தில் திறந்தோம். மாமி வேறு மாதிரிக் காத்துக்கொண்டிருந்தார். மகன் வேலை முடித்து வந்து உள்ளே இருந்து சாப்பிடுகிறான், இன்னும் சோறு வேண்டுமா என்று கூப்பிட்டுக் கேட்டால் எழும்புவதற்காக இருக்கும் ஆளைப்போல.

நானும் பக்கத்தில் இருந்தேன். கடதாசி உறை மடியில். மாமி மெதுவாகப் பேசினார்.

“உங்கட வீட்டில முறைப்படி செய்யிறீங்க. அது சரி. அவன் உன்ட வீட்டுப் பிள்ளை. இஞ்ச வாறது வேற. இறால் ஆக்கினா வருவான். சின்னனில இருந்து அப்பிடித்தான்.”

“மாமி, இந்தக் கடதாசி...”

“தெரியும்.”

“எனக்குப் பங்கு வேணாம் மாமி. எத்தின தரம் சொல்லிட்டன்.”

மாமி என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது கோபம் அல்ல. நான் சொன்னது ஒன்றும் விளங்காத ஆச்சரியம்.

“பங்கப் பத்தி ஆரு கேட்ட? நீ எடுத்தா எடு. குடுத்தா குடு. அவன் உழைச்சது, உனக்கில்லாம ஆருக்கு? நான் எப்பயாவது அதக் கேட்டனா?”

யோசித்துப் பார்த்தேன். அவர் கேட்டதே இல்லை. நானாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மறுகா என்ன மாமி? ஏன் கையெழுத்து வெக்கிறீங்க இல்ல?”

“வருசம் முடிஞ்சு ஆட்டைத் திவசம் வரைக்கும் மாசாமாசம் சாப்பிட வருவான். மறுகா போயிருவான். அது எனக்குத் தெரியும். நான் ஒண்டும் விசரி இல்ல.” சாத்திய கதவைப் பார்த்தார். “ஆனா இப்ப வாறானே. சாப்பிட வாறவன்ட வீட்ட, அவன் உள்ளுக்கு இரிக்கக்குள்ள, வெளிய இருந்து பிரிச்சு எழுதுறதா? இந்தக் கையால சோறு போட்டுட்டு, இதே கையால அவன் இல்ல எண்டு கையெழுத்து வெக்கிறதா? என்னால ஏலாது புள்ள. திவசம் முடியட்டும். எங்க வெக்கச் சொல்றியோ அங்க வெக்கிறன்.”

மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு உறையைக் கவிழ்த்து வைத்தேன். மடியில் இருந்த கடதாசியின் முதல் வரி எனக்கு மனப்பாடம். காலஞ்சென்ற என்று தொடங்கி அவருடைய முழுப் பெயர். நான் அதை எத்தனையோ தரம் தட்டச்சு செய்திருந்தேன். எழுத்துப் பிழை பார்த்திருந்தேன். அந்தச் சொல்லை ஒரு தரம்கூட வாசித்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மாமி எழும்பிக் கதவைத் திறந்தார். வாழையிலையில் சோறு, இறால் கறி, முருங்கையிலைச் சுண்டல், ஒரு கிளாஸில் தண்ணீர். எல்லாம் வைத்தபடியே இருந்தது. மாமி இலையைக் குனிந்து பார்த்து, “இண்டைக்குக் கறியில உப்புக் கூடிட்டுது போல” என்றார். பிறகு அந்தச் சோற்றைப் பிசைந்து என் கையில் ஒரு கவளம் வைத்தார். படைத்ததை வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட வேண்டும். உப்பு சரியாகத்தான் இருந்தது. நான் அவருடைய சோற்றை அவருடைய அம்மாவின் கையால் வாங்கி முழுவதையும் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டதால் சரியாக விழுங்க முடியவில்லை. மாமி முதுகில் தட்டினார். “மெல்ல, மெல்ல, ஒருத்தரும் பறிக்க மாட்டாங்க” என்றார்.

சட்டத்தரணியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தன் தொழிலைச் செய்தார்.

“தாய்ட சம்மதம் இல்லாட்டியும் வழக்குப் போடலாம். அவங்களை எதிர்மனுதாரரா காட்டி நோட்டீஸ் அனுப்புவம். கோர்ட்டில இருந்து ஆள் கொண்டுபோய்க் குடுக்கும். அவங்க வந்து ஆட்சேபணை சொல்லப் போறதில்லத்தானே? வேலை நடக்கும்.”

“அவங்கட வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுப்பாங்களா?”

“வீட்டுக்குத்தான்.”

“யோசிச்சுச் சொல்றன் மிஸ்.”

யோசிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கல்யாணம் என்னுடையது அல்ல. மச்சாளிடம் கேட்காமல் முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை.

அவளைப் புது வீட்டின் பின் விறாந்தையில் சந்தித்தேன். வழமைபோல இரண்டு உருப்படியாகச் சொன்னேன். ஒன்று, நோட்டீஸ் அனுப்புவது. வழக்கு இப்போதே தொடங்கும், பெரியம்மாவுக்குக் காட்ட ஒரு கடதாசி இருக்கும். இரண்டு, மார்கழித் திவசம் வரை பொறுப்பது. அதற்குப் பிறகுதான் மனு. மாப்பிள்ளை வீட்டார் அதுவரை இருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

“நோட்டீஸ் கொண்டு வாறவன அம்மா சும்மா விடுவாவா?” என்றாள். “வெயிலுக்க வந்த பிள்ளை எண்டு இருத்தி வெச்சு, இலையப் போட்டு, ரெண்டு தரம் சோறு போட்டுத்தான் அனுப்புவா. அவன் வயிறு முட்டி ஏவறை விட்டுக்கிட்டுப் போய்க் கோர்ட்டில நிப்பான்.”

இருவரும் சிரித்தோம். அவர் போனதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம். சிரிப்பு முடிந்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். விறாந்தைத் தூணில் பூச்சுப் பூசாத செங்கல்லை நகத்தால் சுரண்டினாள்.

“அவர் நேத்துக் கதைச்சவர்” என்றாள், மாப்பிள்ளையைக் குறித்து. “வீட்டில நெருக்கிறாங்களாம். என்ன முடிவு எண்டு கேட்டவர்.”

“நீ என்ன சொன்னாய்?”

“ஒண்டும் சொல்லல்ல. உங்களிட்டக் கேட்டுச் சொல்றன் எண்டன்.”

“என்னட்டக் கேட்டா நான் என்ன சொல்ல, மச்சாள்? உன்ட வாழ்க்கை.”

வேலிக்கு அந்தப் பக்கம் மாமி கோழிகளைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

“அண்ணன் சாப்பிட்டு முடிக்கட்டும்” என்றாள்.

அதைச் சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போனாள். நான் அவள் பின்னால் போகவில்லை. உள்ளே கதவு இல்லாத அறைகளில் ஒன்றில் அவள் அழும் சத்தம் வெறும் சுவர்களில் பட்டுப் பெரிதாகக் கேட்டது. அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அவளுக்காக யாரும் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்த நாள் சட்டத்தரணிக்கு நோட்டீஸ் வேண்டாம் என்று சொன்னேன். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு நானே போய்ச் சொன்னேன். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் தட்டச்சு செய்த மனுவையும் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். “மார்கழி எண்டா தூரம்” என்றார். பொடியனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

இப்போது புரட்டாதி. மனு தயார், நீதிமன்றத்தில் போடவில்லை. மச்சாள் தன் சத்தியக் கடதாசியில் கையொப்பம் வைத்துவிட்டாள். மாமி திவசத்துக்கு அடுத்த வாரம் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வழக்கு எத்தனை மாதம் எடுக்கும் என்று சட்டத்தரணியால் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆம் என்றோ இல்லை என்றோ இன்னும் பதில் வரவில்லை. வீட்டில் பாதி சட்டப்படி எனக்கு வர இருக்கிறது, கொடுப்பதற்கு அது இன்னும் என் கையில் இல்லை.